டிஷ்வாஷர் வீட்டுக்கு வந்துவிட்டது, யார் மாட்டுவது?

சென்ற இதழில், பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கலாமா என்று கேட்ட ஒரு வாசகிக்கு இரண்டு பத்தியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாங்குவதைப் பற்றியே இல்லை. வாங்கியாயிற்று, ஹாலில் நிற்கிறது, இனி யார் மாட்டுவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: மெஷின் வந்து மூன்று நாள் ஆகிறது. கம்பெனி ஆள் வர இன்னும் ஐந்து நாள் ஆகுமாம். என் கணவர் வாஷிங் மெஷினை அவரே மாட்டியவர், இதையும் ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிடலாம் என்கிறார். மாமனார், கம்பெனி ஆள் வராமல் அட்டைப் பெட்டியையே பிரிக்கக் கூடாது என்கிறார். தெரிந்த பிளம்பர் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் கேட்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கோவை

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முதலில் மாமனார் சொன்னதைப் பார்ப்போம். வாரன்டி அட்டையை எடுத்து நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் பல கம்பெனிகள் முதல் தடவை மாட்டித் தருவதைத் தனியாகக் காசு வாங்காமலே செய்கின்றன. எங்கள் ஆள் மாட்டினால்தான் வாரன்டி என்று அட்டையில் போட்டிருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம், ஐந்து நாள் பொறுங்கள். அட்டையில் ஒன்றும் புரியவில்லையென்றால் கம்பெனிக்கு போன் செய்து கேட்டு, அவர்கள் சொல்வதை மெசேஜாகவோ மெயிலாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஐந்து நாளும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மெஷினை மாட்டுவது அரை மணி நேர வேலைதான். தண்ணீர் ஹோஸ் ஒன்று, கழிவு நீர் ஹோஸ் ஒன்று, பிளக் ஒன்று, அவ்வளவே. அந்த மூன்றும் போய்ச் சேர வேண்டிய இடம் வீட்டில் சரியாக இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பெனி ஆள் பையில் ஸ்பேனரும் டெஸ்டரும்தான் கொண்டு வருவார். பவர் பிளக் இல்லை, குழாய் எட்டவில்லை என்றால் அவர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், அப்புறம் மறுபடியும் ஐந்து நாள். அதனால் வீட்டை இப்போதே தயார் செய்துவிடுங்கள்.

முதலில் கரன்ட். இதை உங்கள் கணவர் செய்ய வேண்டாம். அவர் எவ்வளவு கைத்திறமை உள்ளவராக இருந்தாலும் சரி, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் காசு பார்க்காதீர்கள். மெஷினில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கிறது, ஓடும்போது சுமார் 2,000 முதல் 2,400 வாட் வரை இழுக்கும். அதாவது 9, 10 ஆம்பியர். மிக்ஸி மாட்டும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்குத்தான், அதில் இதை மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும், அதற்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. (லோடு அதிகமானால் தானாகவே விழும் ஸ்விட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தூரம் அதிகமென்றால் 4. சமையலறையில் ஏற்கெனவே இருக்கிற பவர் பிளக்கில் இன்டக்‌ஷன் அடுப்பு ஓடுகிறதென்றால் அதே லைனில் இதையும் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் வயர் சூடாகும். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று யாராவது பெரிய எம்.சி.பி.யாக மாற்றிவிட்டுப் போனால் அதைவிட ஆபத்து வேறில்லை.

அதைவிட முக்கியம் எர்த். இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. மெஷின் வந்த முதல் வாரம், என் அம்மா ஈரக் கையோடு கதவைத் திறந்தபோது சுர்ரென்று கையில் இழுத்திருக்கிறது. வயதாகிவிட்டது, நரம்புக் கோளாறாக இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் சொல்லவே இல்லை. மூன்றாவது நாள் எனக்கும் அடித்தது. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பெட்டியைக் கழற்றினால், மூன்று ஓட்டையில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே மாட்டப்படவில்லை. சுவருக்குள் வந்த பச்சை வயரை வெட்டி, டேப் சுற்றி, பெட்டிக்குள்ளேயே மடக்கி வைத்திருந்தார்கள். இருபது வருடம் அதே பிளக்கில் ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது. அன்று ஏதாவது ஆகியிருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பாதீர்கள், மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். எர்த் இல்லாத வீட்டில் சிலர் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டு, எர்த் கொடுத்தாச்சு சார் என்று போய்விடுவார்கள். மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் காட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சுத்தமாகப் பூஜ்யம் காட்டினாலே சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்துவிடும். ஸ்டீல் உடம்பு, ஈரக் கை. தயவுசெய்து இதை யாரையும் செய்ய விடாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஸ்விட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வந்த கையோடு அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். சிங்க்குக்குக் கீழே ஏற்கெனவே ஓர் ஆங்கிள் காக் (தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு) இருந்தால் உங்கள் கணவர் தாராளமாக மாட்டலாம். அதைக் கழற்றிவிட்டு இரண்டு வழி ஆங்கிள் காக் போட்டால் ஒரு வாய் பழைய வேலைக்கு, ஒரு வாய் மெஷினுக்கு. மெஷின் ஹோஸின் தலை முக்கால் இன்ச், நம் வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் அரை இன்ச், அதனால் வாஷிங் மெஷின் குழாய்க்கு மாட்டுகிற மாதிரி முக்கால் இன்ச் மரை உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். சுவரில் போகும் மரைக்கு டெஃப்ளான் டேப் சுற்றுங்கள். ஹோஸ் மாட்டும் மரைக்கு டேப் வேண்டாம், உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறது. கையால் இறுக்கிவிட்டு அப்புறம் ஸ்பேனரால் கால் திருப்பு போதும். பலம் இருக்கிறதே என்று இழுத்து இறுக்கினால் வாஷர் நசுங்கும், இரவெல்லாம் சொட்டும், சிங்க் அடியில் பிளைவுட் கபோர்ட் இருந்தால் ஒரே வாரத்தில் ஊதிவிடும். ஹோஸை மாட்டுவதற்கு முன் குழாயைத் திறந்து ஒரு வாளி தண்ணீரை விட்டுவிடுங்கள். டேங்க் மண்ணும் பைப் அறுத்த தூளும் முதலில் வரும், அது மெஷின் வாயிலுள்ள சல்லடையை அடைத்துக்கொள்ளும்.

சிங்க் அடியில் குழாயே இல்லை, சுவரை உடைத்து டீ (T வடிவ இணைப்பு) போட வேண்டும் என்றால் பிளம்பரிடம் விட்டுவிடுங்கள். பைப் ஒட்டும் பசை காய்வதற்கு நேரம் கொடுக்காமல் தண்ணீரைத் திறந்துவிடுவதுதான் வீட்டில் செய்பவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு.

ஆக, 2,500 ரூபாயை முழுதாகக் கொடுக்கத் தேவையில்லை. எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள், சுவரை உடைக்க வேண்டுமென்றால் பிளம்பருக்குக் கொடுங்கள். வாரன்டி தடுக்கவில்லையென்றால் ஹோஸ் மாட்டுவது, மெஷினின் கால்களைத் திருகி மட்டம் பார்ப்பது, தண்ணீரை மென்மையாக்கும் உப்பு போடுவது எல்லாம் உங்கள் கணவர் செய்யலாம். மட்டம் முக்கியம். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்தால் கதவு சரியாக உட்காராது, அடியில் கசியும். முதல் ஓட்டம் பாத்திரம் இல்லாமல் ஓட்டுங்கள், அப்போது மெஷினுக்கு முன்னாலும் சிங்க்குக்குக் கீழேயும் பழைய நியூஸ் பேப்பர் விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். மெஷினுக்குள் முதலிலேயே கொஞ்சம் தண்ணீர் இருந்தால் பழைய மெஷினைத் தள்ளிவிட்டார்களோ என்று பயப்படாதீர்கள், ஃபாக்டரியில் ஓட்டிப் பார்த்ததில் மிஞ்சியதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பிளம்பர் மாட்டிய நாளிலிருந்து மெஷின் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆனாலும் பாத்திரம் கழுவாமல் காய்ந்த மாதிரியே இருக்கிறது. சில நாள் உள்ளே சாக்கடை நாற்றம் வேறு. மெஷின் குறையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மெஷினில் குறை இருக்காது என்று நினைக்கிறேன். கழிவு நீர் ஹோஸை எங்கே விட்டிருக்கிறார் என்று குனிந்து பாருங்கள். தரையிலுள்ள டிராப்புக்குள் (கழிவு நீர் போகும் ஓட்டை) நேராகச் செருகியிருந்தால் விஷயம் அங்கேதான்.

நம் வீடுகளில் சிங்க் தண்ணீர் ஒரு வெள்ளை ஸ்பிரிங் பைப் வழியாகத் தரை டிராப்புக்குப் போகும். பிளம்பர்கள் அதே ஓட்டையில் இந்த ஹோஸையும் சொருகிவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் டின்னிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தது நினைவிருக்கிறதா? ஒரு தடவை ஓட்டம் பிடித்துவிட்டால் அதுவாகவே வடியும். அதேதான் இங்கும். ஹோஸின் மறுமுனை மெஷினின் அடிமட்டத்தைவிடக் கீழே இருந்தால், மெஷின் உள்ளே எடுக்கிற தண்ணீர் தானாகவே வெளியே வடிந்துவிடும். மெஷின் தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து மறுபடி எடுக்கும், மறுபடி வடியும். ஹோஸ் முனை சாக்கடைத் தண்ணீரில் முழுகியிருந்தால் நாற்றமும் மேலே ஏறி வரும், கரப்பான் பூச்சிக்கும் வழி.

தீர்வு எளிது. ஹோஸ் மெஷினிலிருந்து கிளம்பியதும் தரையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும், ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மெஷினின் கையேட்டில் சரியான அளவு இருக்கும். சிங்க்குக்குக் கீழே பாட்டில் டிராப் (பாட்டில் வடிவக் கழிவு நீர் இணைப்பு) மாட்டி, அதன் பக்கவாட்டு மூக்கில் ஹோஸைச் சொருகி கிளிப் போட்டு இறுக்குவதுதான் சுத்தமான வழி. புது டிராப் என்றால் அந்த மூக்கு அடைத்தே வரும், அதைத் திறந்துவிட்டு மாட்ட வேண்டும். இதை நீங்களே செய்யலாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பாட்டில் டிராப் போட இடமில்லை என்றால் ஹோஸை மேலே தூக்கி, சிங்க் அடியில் ஒரு கிளாம்பில் கட்டிவிட்டு அப்புறம் கீழே இறக்குங்கள், முனை தண்ணீரில் முழுகாமல் காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள். ஹோஸை இறுக்கிக் கட்டாமல் விடாதீர்கள். மெஷின் பம்ப் வேகமாகத் தள்ளும்போது முனை துள்ளி வெளியே வந்துவிடும், சூடான அழுக்குத் தண்ணீர் சமையலறை முழுக்க ஓடும்.

கேள்வி: நான்காவது மாடி, அதுதான் கடைசி மாடி. முதல் மாடியில் நன்றாக ஓடுகிற அதே மாடல் எங்கள் வீட்டில் குழாய்ப் படம் காட்டி நின்றுவிடுகிறது. நாங்களே மாட்டியதால் இப்படியா?
– வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: நீங்கள் மாட்டியதில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் முதலில் மூன்று விஷயம் பாருங்கள்: ஆங்கிள் காக் முழுசாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் மெஷினுக்குப் பின்னால் மடங்கியிருக்கிறதா, ஹோஸ் வாயில் சல்லடை அடைத்திருக்கிறதா. மூன்றும் சரியென்றால் காரணம் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, மொட்டை மாடி டேங்க்.

தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். முதல் மாடிக்காரருக்கு டேங்க் பத்துப் பன்னிரண்டு மீட்டர் மேலே இருக்கிறது. உங்களுக்கு மூன்று மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும், சில 0.3 பாரில் ஓடும். வாங்குவதற்கு முன்பே இந்த எண்ணைக் கையேட்டில் பார்க்க வேண்டும், கடையில் யாரும் சொல்வதில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். மெஷின் மாட்டிய அதே குழாயில் ஹோஸைக் கழற்றிவிட்டு, பத்து லிட்டர் வாளியைப் பிடித்து, செல்போனில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் பரவாயில்லை. இரண்டு நிமிடம் ஆகிறதென்றால் பிரஷர் பம்ப் வைக்க வேண்டியதுதான். டேங்கிலிருந்து இறங்கும் உங்கள் வீட்டு லைனில் வைக்க வேண்டும், அதற்கு அசோசியேஷனிடம் சொல்லிவிட்டு, பிளம்பரை வைத்தே செய்யுங்கள். பம்ப் வைத்தால் பழைய இணைப்புகளில் கசிவு வரலாம், அதையும் அவர் அன்றைக்கே பார்த்துவிடுவார்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டலாமா? பிளக் எட்டவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. நல்ல கம்பெனி பாக்ஸ் என்றாலும் கூடாது. பத்து ஆம்பியர் இரண்டு மணி நேரம் விட்டு விட்டு ஓடும்போது தளர்ந்த பின் சூடாகி உருகும், பக்கத்தில் தண்ணீர் வேறு. மெஷினின் வயரை வெட்டி நீட்டவும் வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்துப் பிளக்கை மெஷினுக்கு அருகில் கொண்டு வாருங்கள். மெஷினுக்கு நேர் பின்னால் வைக்காமல் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில், சிங்க் குழாய்க்கு நேர் கீழே வராமல் வையுங்கள்.

கேள்வி: கிரானைட் மேடைக்குக் கீழே கடப்பா தட்டை எடுத்துவிட்டால் மெஷின் உட்காருமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: டேப் வைத்து அளந்துவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். பெரிய மெஷின்கள் 60 சென்டிமீட்டர் அகலம், 60 ஆழம், சுமார் 84.5 உயரம். நம் மேடைகளில் கல்லுக்குக் கீழே பெரும்பாலும் 80, 82தான் கிடைக்கும். சில மாடல்களில் மேல் மூடியைக் கழற்றினால் 81.5 வரை இறங்கும், ஆனால் எல்லா மாடலிலும் கழற்ற முடியாது, கழற்றினால் ஓரம் கூர்மையாக இருக்கும். ஆழத்தில் ஹோஸுக்கும் வயருக்கும் இன்னும் ஐந்து சென்டிமீட்டராவது சேர்த்துக்கொள்ளுங்கள். கதவு முன்னால் முழுதாகச் சாய்ந்து திறக்கும், அதற்கும் ஆள் நிற்பதற்கும் இடம் வேண்டும். கடப்பா தட்டை எடுப்பதற்கு முன் அது மேடைக் கல்லைத் தாங்கி நிற்கிறதா என்று கொத்தனாரிடம் காட்டிவிடுங்கள், இதை மட்டும் சுத்தியலோடு நீங்களே இறங்காதீர்கள்.

கேள்வி: போர் தண்ணீர்தான். மாட்டிய ஆள் உப்பு போட்டுவிட்டுப் போனார், தீர்ந்துவிட்டது. அந்த உப்பு விலை அதிகம், வீட்டில் இருக்கிற கல் உப்பு போடலாமா? ஆர்.ஓ. தண்ணீரில் மாட்டினால் உப்பே வேண்டாமாமே?
– வாசகி, நாமக்கல்

பதில்: கல் உப்பு வேண்டாம், தூள் உப்பு வேண்டவே வேண்டாம். அந்த உப்பு பாத்திரத்துக்காகப் போடுவதில்லை. மெஷினின் அடியில் தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகள் இருக்கின்றன. அவை போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் உப்புத் தண்ணீர் ஓடி அவற்றைக் கழுவிவிடும். கல் உப்பிலேயே மண்ணும் சுண்ணாம்பும் மக்னீசியமும் கொஞ்சம் இருக்கும், தூள் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்த்த பொருள் இருக்கும், இரண்டும் மணிகளைக் கெடுத்துவிடும். அது போனால் மாற்றுகிற செலவில் நாலைந்து வருடத்துக்கு உப்பு வாங்கலாம்.

முதல் தடவை மட்டும் உப்புக் கிண்ணத்தில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்பைக் கொட்ட வேண்டும், மாடலைப் பொறுத்து ஒரு கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை பிடிக்கும். அடுத்த தடவைகளில் உப்பு மட்டும். போட்டவுடன் மெஷினை ஓட்டிவிடுங்கள், சிந்திய உப்பு ஸ்டீலில் ஒட்டியிருந்தால் துருப்பிடிக்கும். உப்பு ஊற்றும் இடத்தில் தவறியும் சோப்புத் தூளைப் போட்டுவிடாதீர்கள்.

இதைவிட முக்கியம், மெஷினில் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் சுண்ணாம்பும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை, சரியாக செட் செய்திருக்கிறார்களா என்பது. அவசரத்தில் வருகிற ஆட்கள் ஃபாக்டரியில் வைத்த அளவிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. நம் போர்களில் பல இடத்தில் அதைத் தாண்டும். மெஷினோடு வரும் சோதனைப் பட்டையைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்த்து, கையேட்டிலுள்ள அட்டவணைப்படி நீங்களே மாற்றலாம், நாலு பட்டன் வேலை. டி.டி.எஸ். மீட்டரை நம்பி இதைச் செய்யாதீர்கள். அது கரைந்திருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சோற்றுப்பு கரைந்த தண்ணீருக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பல மெஷின்கள் லிட்டருக்கு ஏறக்குறைய 890 மில்லிகிராம் வரை சமாளிக்கும், அதற்கும் மேலே போனால் வீட்டுக்கே சாஃப்ட்னர் வைக்க வேண்டும்.

ஆர்.ஓ. பற்றி: வீட்டு ஆர்.ஓ. மெஷின் சொட்டுச் சொட்டாகத் தருகிற தண்ணீர் இதற்குப் பற்றாது, அழுத்தமும் இல்லை. அதிலிருந்து வெளியேறும் வேஸ்ட் தண்ணீரை இதில் இணைக்கலாமா என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். கூடாது, அதில் சுண்ணாம்பு இன்னும் அதிகம்.

கேள்வி: இலவச இன்ஸ்டாலேஷன் என்றுதான் கடையில் சொன்னார்கள். வந்த ஆள் ஹோஸ், கனெக்டர், ஸ்டாண்டு என்று 3,200 ரூபாய் கேட்டார், பில் இல்லை. கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: கம்பெனி இலவசம் என்று சொல்வது மெஷினோடு வந்த ஹோஸை இருக்கிற குழாயில் மாட்டி ஓட்டிக் காட்டும் வேலையை. கூடுதல் நீள ஹோஸ், கனெக்டர், ஸ்டாண்டுக்குக் காசு வாங்குவதில் தப்பில்லை, பில் தராததுதான் தப்பு. நாளைக்கு அந்தக் கனெக்டர் விட்டு வீடு நனைந்தால் அவர் மாட்டியது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, வேலை எண்ணைச் சொல்லி, பில் கேளுங்கள். போனில் நிற்காமல் மெயிலும் அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதும் முறையற்ற வணிகம்தான். மற்ற வாசகர்களுக்கு: மெஷின் வருவதற்கு முன்பே குழாய்க்கும் மெஷினுக்கும் உள்ள தூரத்தை அளந்து, கனெக்டரை ஹார்டுவேர் கடையில் நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள். பல மெஷின்களின் ஹோஸ் முனையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கும், அது கசிவு வந்தால் தண்ணீரை நிறுத்துகிற மின்சார வால்வு. நீளம் பற்றவில்லை என்று யாராவது அந்த ஹோஸை வெட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஓனர் அம்மா சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூட விடமாட்டார். மெஷின் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?
– வாசகி, மதுரை

பதில்: விடாதீர்கள். எட்டு செட் (எட்டுப் பேர் சாப்பிட்ட பாத்திரம்) பிடிக்கிற சின்ன மெஷின் மேடை மேலேயே உட்காரும். தண்ணீருக்கு சிங்க் குழாயின் அடியிலுள்ள ஆங்கிள் காக்கை மட்டும் மாற்றுங்கள், பழையதை ஒரு கவரில் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது அதையே மாட்டிவிட்டுப் போகலாம். கழிவு ஹோஸை மெஷினோடு வரும் வளைந்த பிடியில் சிங்க் விளிம்பில் தொங்கவிடலாம், ஆனால் கட்டி வையுங்கள், சிங்க்கில் பாத்திரம் குவித்து வழியை அடைத்துவிடாதீர்கள். சின்ன மெஷினுக்கும் கரன்ட் விஷயம் அதேதான். பவர் பிளக்கும் எர்த்தும் இல்லாத சமையலறை என்றால் ஓனர் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள், எர்த் சரி செய்வது அவர் வீட்டுக்கும் நல்லதுதானே. அதற்கும் சம்மதிக்கவில்லையென்றால் அந்த வீட்டில் இருக்கும்வரை மெஷின் வேண்டாம்.

கேள்வி: இங்கே பழைய டிஷ்வாஷர் பழுதாகி, புதியது வாங்கியிருக்கிறோம். மாட்டுவதற்குக் கடையில் தனிக் கட்டணம். நானே மாற்றலாமா? ஊரில் வாங்கியவர்கள் எழுதுவதற்கும் இங்கே இருப்பதற்கும் நிறைய வித்தியாசமாக இருக்கிறது.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: ஆமாம், வித்தியாசம் நிறைய. அங்கே 120 வோல்ட், சிங்க்குக்குக் கீழே சுடுதண்ணீர் லைனிலிருந்துதான் மெஷினுக்குத் தண்ணீர் போகும், பெரும்பாலான வீடுகளில் 24 இன்ச் இடம் முன்பே விட்டிருப்பார்கள். பழையதை எடுத்து அதே இடத்தில் புதியதை வைப்பதால் உங்களுக்கு வேலை சுலபம். பிரேக்கரை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, பழையதை வெளியே இழுக்கும்போது அடியில் ஒரு பழைய துணி போட்டால் தரை கீறாது. பழைய தண்ணீர் ஹோஸை மறுபடி பயன்படுத்தாதீர்கள், புதிய ஸ்டீல் பின்னல் ஹோஸும் எல்போவும் (வளைந்த இணைப்பு) வாங்கிக்கொள்ளுங்கள். கழிவு ஹோஸை சிங்க்கின் அடிப்பக்கம் வரை தூக்கிக் கட்டிவிட்டுத்தான் கீழே இறக்க வேண்டும், காரணம் திருநெல்வேலி வாசகருக்குச் சொன்னதுதான்.

பழைய மெஷின் பிளக் இல்லாமல் சுவர் வயரிலேயே நேராக இணைக்கப்பட்டிருந்தால், அல்லது புது லைன் இழுக்க வேண்டியிருந்தால், ஒன்டாரியோவில் அந்த மாதிரி மின் வேலைகளுக்கு மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஆள் வைத்துச் செய்தால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். கரன்ட் பகுதியை அவரிடமே விட்டுவிடுங்கள். காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், கசிந்தால் கீழ் வீட்டுக்காரரின் கூரையும் சேர்ந்துதான் நனையும். சிங்க்கில் புதிதாகக் குப்பை அரைக்கும் கருவியும் மாட்டியிருந்தால், கழிவு ஹோஸ் சேரும் அதன் பக்க வாயில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஹோஸைச் சொருகுவதற்கு முன் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் தட்டி அதை உள்ளே விழவைத்து, கையோடு வெளியே எடுத்துவிடுங்கள். அதை மறந்து மாட்டிவிட்டு, தண்ணீர் வெளியேறவில்லை, மெஷின் பழுது என்று புதிய மெஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.